குவேசாரின் வீடு

கருந்துளைக்குப் பயந்து மேட்டுக்கு ஓடிய ஊர் இந்த உலகத்தில் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகளே, நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நாங்களும் பிறகு சிரித்தோம். ஓடியபோது சிரிக்கவில்லை.

மண்டைக்காட்டுக்கும் குளச்சலுக்கும் நடுவில் கடலோரம் கிடக்கிறது எங்கள் ஊர். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பழைய மொபெட்டின் பின்னால் கட்டி, இரணியல் பக்கத்துத் தெருக்களில் ஹாரன் அடித்து விற்பது என் தொழில். வானத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. என் மகள் கொஞ்ச நாள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று இருந்தாள். வானத்தைப் படித்த ஒருவனால் வந்தாள். அந்தக் கதை மட்டும் எனக்கு முழுதாகத் தெரியும்.

முதலில் கடல் வந்த நாளைச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் நான், மனைவி, மகள் மூன்று பேரும் பூசையில் இருந்தோம். மகளுக்கு அப்போது ஐந்து வயது. மாதா கோவில் மேட்டில் இருந்ததால் தப்பினோம். மறுநாள் வீட்டைப் பார்க்கப் போனபோது வீடு இல்லை. என் மனைவி வாரந்தோறும் துடைத்து வைத்திருந்த சிவப்புச் சிமெண்டுத் தரை மட்டும், கழுவிவிட்டது போல் பளபளவென்று கிடந்தது. மகள் அந்தத் தரையில் ஏறி நின்று, கதவு இருந்த இடம் வழியாகச் சரியாக வெளியே வந்தாள். அழவில்லை. அவள் அழாததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பிறகு முகாம், பிறகு தகரக் கொட்டகை, பிறகு அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடு. அதுவும் கடலிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. தொழில் அங்கேதானே இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்தது. ஒரு வீட்டில் அவசரமாகக் கதவைப் பூட்டினால், அடுத்த வீட்டில் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தாங்களும் பூட்டிவிட்டு மேட்டுக்கு ஓடுவார்கள். ஏன் என்ற கேள்வியை மேட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். கேட்டுக்கொண்டு நின்றவர்களைக் கடல் கொண்டுபோனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

நான்கு வருஷம் கழித்து, செப்டம்பர் மாதம். அன்று காலையிலிருந்தே டிவியில் ஒரே பேச்சு. ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் பெரிய வளையமாகச் சுரங்கம் வெட்டி, அதற்குள் அணுவைவிடச் சிறிய துகள்களை ஓடவிட்டு மோத வைக்கப் போகிறார்கள். அதில் கருந்துளை ஒன்று உண்டாகிப் பூமியை விழுங்கிவிடும் என்று சிலருக்குப் பயம். அப்படி ஒன்றும் ஆகாது என்று விஞ்ஞானிகள் சொன்னதையும் அதே செய்தியில்தான் போட்டார்கள். ஆனால் அதைச் சின்ன எழுத்தில் போட்டார்கள். விழுங்குவதைப் பெரிய படமாகப் போட்டார்கள்.

யார் முதலில் கதவைப் பூட்டியது என்று இன்றுவரை தெரியாது. நான் கரையிலிருந்து மீன் பெட்டியோடு தெருவுக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி மகளை ஒரு கையிலும் ரேஷன் கார்டை ஒரு கையிலும் பிடித்திருந்தாள்.

“வண்டிய எடுங்க! நிக்காதீங்க!”

எடுத்தேன். பெட்டியை இறக்கக்கூடத் தோன்றவில்லை. மகள் முன்னால் நின்றாள். மனைவி ஐஸ் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். இரணியல் பக்கம் ஒரு மேட்டில் மனைவியின் அக்காள் வீடு இருக்கிறது. அக்காள் புருஷன் வளைகுடாவில் வேலை பார்த்துக் கட்டிய மாடி வீடு. அங்கேதான் போய்க்கொண்டிருந்தோம்.

பாதி வழியில் வண்டி மூச்சு வாங்கியது. ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். எங்கள் ஊர் ஆட்கள் ஆட்டோவிலும் நடையிலுமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, கடல் கேறிற்றா?”

“கடல் இல்ல. கருந்துளை.”

“அது எங்கேருந்து வருது?”

“பூமிக்கு அடியிலேருந்து.”

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அடியிலேருந்து வருததுக்கு நீங்க என்னத்துக்கு மேட்டுக்கு ஓடுதிய?”

ஐஸ் பெட்டியின் மேலிருந்து என் மனைவிதான் சொன்னாள். “மேட்டுக்கு ஓடுனா உயிரு பிழைக்கும் அண்ணே. எங்களுக்கு அது தெரியும்.”

அவர் மகளுக்கு ஒரு பழம் எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம்வரை பூமி இருந்த இடத்தில் இருந்தது. அக்காள் வீட்டு மொட்டை மாடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அசடு வழிய இறங்கினார்கள். என் பெட்டியில் இருந்த சாளை மீனை அக்காள் தெருவுக்கே பங்கு வைத்துக் கொடுத்தாள். ஒருவர் பாக்கி இல்லாமல் ஊருக்குத் திரும்பினார்கள், என் மகளைத் தவிர.

“நான் வரல்லப்பா.”

“ஒண்ணும் ஆகல்லியே மக்களே.” ஒற்றைப் பிள்ளையையும் எங்கள் பக்கம் மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.

“இன்னும் ஆகல்ல.”

அவள் சொன்னது சரிதான். அந்த இயந்திரத்தை அன்று தொடங்கித்தான் வைத்திருந்தார்கள். மோத விடுவது பிறகுதான் என்று அவள் செய்தியைக் கவனமாகக் கேட்டிருந்தாள். அக்காள், “ரெண்டு நாள் நிக்கட்டும், பிள்ளைக்குப் பயமும் வெப்ராளமும் அடங்கட்டும்” என்றாள். அப்படியே அவளை விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டு நாள் என்பது வளர்ந்தது. என் மீன் வியாபாரம் அந்தத் தெரு வழியாகத்தான். தினமும் அக்காள் வீட்டு முன்னால் ஹாரன் அடிப்பேன். மகள் பாத்திரத்தோடு வருவாள். மீனை வாங்கிக்கொள்வாள். “வாறியா மக்களே?” என்று கேட்பேன். இல்லை என்று தலையை ஆட்டுவாள். மற்ற வீட்டுப் பெண்கள், “என்ன மீன்காரரே, பிள்ளையையும் வித்துட்டியளா?” என்று கேலி பண்ணுவார்கள். சிரித்துக்கொண்டு வண்டியை எடுப்பேன். வளைவு தாண்டியதும் சிரிப்பு போய்விடும். வீட்டில் மனைவி சோறு வைத்தால் மூன்று தட்டு எடுப்பாள். பிறகு ஒன்றைத் திரும்ப வைப்பாள். மகள் பள்ளிக்கூடம் போகாமல் நாட்கள் போயின. இந்தப் பிள்ளை இனிமேல் எங்கள் வீட்டில் இருக்கவே மாட்டாளோ என்று பயந்தேன். ஒருமுறை வீட்டைக் கடல் எடுத்தது. இந்த முறை வீடு நிற்கிறது, பிள்ளை இல்லை.

என் மனைவிக்கு ஒரு தம்பி உண்டு. புனேயில் ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் அவன். அவனை வைத்துத்தான் எங்கள் ஊரில் ஓயாத கேலி: “ஏலே, நீ படிச்சு முடியதுக்குள்ள உனக்க கூட்டுக்காரனுவ கெல்ஃபுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தாச்சு.” அவன் படித்தது குவேசார் என்ற ஒன்றைப் பற்றி. அது என்னவென்று அவன் சொல்லும்போது நாங்கள் தலையாட்டுவோம். பிறகு அவனுக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்போம்.

அக்காள்மார் இருவரும் போனில் அழுததைக் கேட்டு அவன் ரயில் ஏறி வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எனக்கு வியாபாரம் இல்லாத நாள். நானும் மனைவியும் பூசை முடிந்து அக்காள் வீட்டுக்குப் போனோம். அவன் ஏற்கெனவே வந்து, முன்னறையில் மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப்.

“அத்தான், வாங்க. நான் இவளுக்க கிட்ட எல்லாம் சொல்லியாச்சு. அந்த மெஷின்ல கருந்துளை வந்தாலும் அது ரொம்பப் பொடிசு. வந்த நொடியில இல்லாமப் போவும். மேல வானத்துலேருந்து அதவிட வேகமாத் துகளுவ தினமும் நம்ம பூமியில வந்து மோதிட்டுத்தான் இரிக்கு. ஒண்ணும் ஆகல்லியே.”

“அப்ப நெசக் கருந்துளை எங்க இரிக்கு மாமா?” என்றாள் மகள்.

நல்ல மனதோடு அவன் சொன்ன பதில் எங்கள் தலையில் இடியாக விழுந்தது. “பெரிய பெரிய விண்மீன் மண்டலம் எல்லாத்துக்கும் நடுவுல ஒவ்வொண்ணு இரிக்கும். நம்ம பால்வீதிக்க நடுவுலயும் ஒண்ணு உண்டு.”

மகளின் முகம் வெளுத்துவிட்டது. “நம்மகிட்டயும் உண்டா?”

“ஏலே தம்பி!” என்று அக்காள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். “பிள்ளைக்குப் பயம் போக்க வந்தியா, பயம் காட்ட வந்தியா?”

“அய்யோ, அது ரொம்பத் தூரம்க்கா! வெளிச்சம் அங்கேருந்து இங்க வரதுக்கே இருபத்தாறாயிரம் வருசம் வேணும்.”

மகள் சொன்னாள். “கடலும் அன்னைக்குத் தூரத்துலதான் கெடந்துது.”

தூரம் என்று சொல்லி அந்தப் பிள்ளையைத் தேற்ற முடியாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் இத்தனை நாளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மச்சினன் லேப்டாப்பைத் திறந்தான். பிறகு, “சரி மக்களே, தூரத்த விடு. இருக்கதுலயே மோசமான கருந்துளைய நான் காட்டுகேன். அதுக்க பக்கத்துல என்ன நடக்குன்னு நீயே பாரு” என்றான்.

லேப்டாப்பில் ஒரு படம் வந்தது. கறுப்பு வானத்தில் கண்ணைக் கூசவைக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி, நான்கு பக்கமும் ஈர்க்குச்சி நீட்டியது மாதிரி வெளிச்சம்.

“இதுதான் குவேசார். கருந்துளை சும்மா இருந்தா இருட்டு. வாயுவும் தூசியும் அதுக்குள்ள விழும்போது, விழுததுக்கு முன்ன சுத்திச் சுத்திச் சூடாகி இப்படி எரியும். நம்ம சூரியன மாதிரிப் பத்துக் கோடி சேந்த கனம் இந்தத் துளைக்கு. இது தின்னுட்டு இருக்குது. இது கிட்டத்துல உள்ளது. இதுக்க வெளிச்சம் நமக்கு வர நூறு கோடி வருசத்துக்கு மேல.”

“இது கிட்டத்துலயாலே?” என்றாள் அக்காள். “அப்ப தூரத்துல உள்ளது எங்க?”

மகள் சிரிக்கவில்லை. படத்தை விரலால் தொட்டாள். “இதுக்க வீடு எங்க?”

வீடு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். கருந்துளையை நடுவில் வைத்துக்கொண்டிருக்கும் விண்மீன் மண்டலத்துக்கு விஞ்ஞானிகள் இங்கிலீஷில் வைத்த பேர் விருந்து கொடுக்கிறவன் என்ற மாதிரி வருமாம். பிள்ளைக்குப் புரியட்டும் என்று இவன் வீடு என்று சொல்லியிருந்தான்.

“வீடு இல்ல பாருங்க மாமா. தின்னாச்சு.”

“தின்னல்ல. வெளிச்சத்துக்குப் பின்னால நிக்குது. அத்தான், வெளுப்புக்கு முன்ன, இருட்டுல, பஸ் எதுர வந்தா உங்களுக்குப் பஸ் தெரியுமா?”

“எங்க தெரியுது? ஹெட்லைட்டுதான் தெரியும். கண்ணு அவிஞ்சு போவும்.”

“அதேதான். ஆனா அந்த லைட்டு எப்படிக் கூசும்னு நமக்குச் சரியாத் தெரிஞ்சா, அந்தக் கூச்சத்த மட்டும் படத்துலேருந்து கழிக்கலாம். கழிச்சா மிச்சம் பஸ்ஸு. நாங்க ஒரு சாதா நட்சத்திரத்தத் தனியாப் படம் எடுத்து, அது எப்படிக் கூசுதுன்னு பாத்து, அதே அளவு இதுலேருந்து கழிப்போம்.”

அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். வெள்ளைப் புள்ளி போயிற்று. அது இருந்த இடத்தில் ஒரு சுழல் தெரிந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு குமிழ், அதிலிருந்து இரண்டு கைகள் வளைந்து பிரிந்து, அந்தக் கைகளில் நீலம் நீலமாகப் பொட்டுகள். அத்தனையும் அந்தக் கூசுகிற வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

மகள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சந்தேகத்தோடு கேட்டாள். “இது தின்னதுக்கு முன்ன எடுத்த படமா?”

மச்சினனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எனக்கும் மனைவிக்கும் புரிந்தது. முகாமில் இருந்தபோது பேப்பர்களில் எங்கள் ஊரை இரண்டு படமாகப் போட்டிருந்தார்கள். ஒன்று முன், ஒன்று பின். முன் படத்தில் எங்கள் வீடு இருந்தது.

என் மனைவி அதை அவனிடம் மெதுவாகச் சொன்னாள். சொன்னதும் அவன் லேப்டாப்பை மகள் பக்கம் முழுதாகத் திருப்பி வைத்தான்.

“முன்ன, பின்னன்னு ரெண்டு படம் இல்ல மக்களே. ஒரே படம். ஒரே நேரம். அது தின்னுட்டே இருக்கு, வீடு நின்னுட்டே இருக்கு.”

“நெசமா?”

“எனக்க படிப்பு மேல சத்தியம்.”

“அந்தப் படிப்புதான் முடியவே மாட்டேங்குதே” என்றாள் அக்காள். அப்போது மகளுக்கு உதட்டோரம் லேசாக ஒன்று அசைந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் அதைப் பார்த்தேன்.

அவள் அவனிடம் இருந்த படங்களை எல்லாம் காட்டச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் முதலில் வெள்ளைப் புள்ளி, பிறகு வீடு. சில வீடு சுழல், சில வீடு முட்டை போல உருண்டை. ஒரு படத்தில் அவள் கையை வைத்து நிறுத்தினாள்.

“இது உடஞ்சிருக்கு.”

உண்மைதான். அந்த விண்மீன் மண்டலம் கோணலாக, ஒரு பக்கம் வால் இழுத்தபடி சிதறிக் கிடந்தது. மச்சினன் அதைத் தாண்டிப் போயிருக்கலாம், போகவில்லை. பிள்ளையிடம் பொய் சொல்லாமல் இருந்ததற்கு இன்றும் அவனுக்கு நான் நன்றி சொல்வேன்.

“ஆமா, உடஞ்சிருக்கு. ஆனா இத உடச்சது துளை இல்ல. ரெண்டு வீடு ஒண்ணோட ஒண்ணு மோதியிருக்கு. மோதினதுல வாயு எல்லாம் கலங்கி நடுவுல போய் விழுந்து, அதத் தின்னுதான் துளை எரியத் தொடங்குச்சுன்னு நெனைக்கோம். எல்லாக் குவேசாரும் இப்படித்தான் தொடங்குமான்னு இன்னும் சண்டை உண்டு. நாளாவட்டத்துல ரெண்டும் சேந்து ஒரே பெரிய வீடா அடங்கிரும்.”

“துளை எம்புட்டுப் பெருசு? வீட்டுல பாதியா?”

“பாதியா! இந்தா நடுவுல மஞ்சளாக் குமிழ் தெரியுதுல்லா, அதுக்க கனத்துல ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்குதான் துளைக்க கனம். குமிழ் பெருசுன்னா துளையும் பெருசு, குமிழ் சின்னதுன்னா துளையும் சின்னது. ரெண்டும் எப்படியோ கூடக்கூடத்தான் வளருது. யாரு யாருக்குக் கணக்குச் சொல்லுதான்னுதான் நான் தேடிட்டு இரிக்கேன்.”

நான் என் தொழில் புத்திக்கு நினைத்துக்கொண்டேன்: கரைக்கு வந்த வள்ளம் நிறைய சாளை, அதில் ஒரு பூனைக்குப் போட்டது எவ்வளவோ அவ்வளவு.

மகள் விடவில்லை. “அது நெறையத் தின்னா?”

“நெறையத் தின்னா அதுக்குத்தான் நஷ்டம். தின்னத் தின்ன வெளிச்சமும் காத்தும் கூடும். அந்தக் காத்து, பக்கத்துல கெடக்க வாயுவையே தள்ளி வெளிய விட்டுரும்னு சொல்லுகாங்க. பெறவு தின்ன ஒண்ணும் கெடைக்காது. அடங்கி இருட்டாயிரும். நம்ம பால்வீதிக்க நடுவுல உள்ளது அப்படி அடங்கிக் கெடக்குது. எட்டத்துல சுத்துத நட்சத்திரங்களுக்கு அது இருக்கதே தெரியாது.”

மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அக்காள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தென்னைமரங்கள்தான் தெரியும். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

“அப்ப கடலு மாதிரி இல்ல.”

“இல்ல மக்களே,” என்றேன் நான்.

“கடலுக்கு எனக்கு இன்னும் பயம் உண்டுப்பா.”

“எனக்கும் உண்டு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பயம் உண்டு என்று அவளுக்கு அதுவரை தெரியாது போலிருக்கிறது. அவளுடைய அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் தலையாட்டினாள்.

“கடலுன்னா சத்தம் கேக்கும், உள்வாங்கும், ஓடலாம்” என்றாள் மகள். “இதுக்கு எங்க ஓடதுன்னு தெரியாமத்தான் நான் இங்க இருந்தேன். இது வராதுன்னா பெறவு எனக்கு இங்க என்ன சோலி?”

இவ்வளவுதான் நடந்தது. நான் பெரிதாக அழுவேன், கட்டிப்பிடிப்பேன் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. மனைவி கொடியில் கிடந்த பாவாடைகளை மளமளவென்று மடிக்கத் தொடங்கினாள், பிள்ளை மனம் மாறுவதற்குள் புறப்பட்டுவிட வேண்டும் என்பது மாதிரி. அக்காள் மூக்கைச் சிந்திக்கொண்டே, “போடி, போ. உனக்கு ரெண்டு ஆப்பம் கூட வச்சிருந்தேன், அத நானே தின்னுகேன்” என்றாள். மச்சினன் மட்டும், “அத்தான், இன்னும் எட்டு படம் கெடக்கு” என்றான்.

“அத எனக்குக் காட்டு மாப்ளே, அடுத்த ஞாயிறு வாறேன்” என்றேன். நிஜமாகவே போய்ப் பார்த்தேன். பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியைத்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

அன்று மூன்று பேரும் ஒரே வண்டியில் கீழே இறங்கினோம். வெயில் தாழ்ந்திருந்தது. ஊருக்குள் திரும்பும் வளைவில் தென்னைகள் விலகி முதன்முதலாகக் கடல் தெரியும். அங்கே வந்ததும் நிறுத்தச் சொல்வாள், திரும்பச் சொல்வாள் என்று எண்ணி வேகத்தைக் குறைத்தேன்.

கடல் தெரிந்தது. முன்னால் நின்ற மகளின் தோள் ஒருமுறை விறைத்ததை என் நெஞ்சில் உணர்ந்தேன்.

“நிப்பாட்டாதீங்கப்பா,” என்றாள். “போங்க. பசிக்கி.”

பின்னாலிருந்து என் மனைவி, “சோறு இரிக்கி, குழம்புதான் வைக்கணும்” என்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் அது குழம்பைப் பற்றித்தான் பேசியது. நான் வண்டியை முறுக்கினேன்.